கரடிக்கு எழுதிய அறிவித்தல்

பிள்ளைக்குச் சீக்கிரமாக எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பது நல்லதா என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். காரணம் இருக்கிறது. என் மகள் நாலரை வயதில், சொந்தக் கையால், யாருடைய உதவியும் இல்லாமல் எழுதிய முதல் முழு வாக்கியம், அவளைச் சேர்த்துக்கொள்ள வந்த பாடசாலையை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டது. அவளுக்கு எழுதச் சொல்லிக் கொடுத்த மேதை வேறு யாரும் இல்லை, நான்தான்.

அந்த வருடம் பல்லேகலயில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்த தையல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். என் மனைவி மலர் பேராதனை ஆஸ்பத்திரியில் தாதி. காலை ஐந்தரைக்கு வத்தேகமயில் பஸ் ஏறினால் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். எங்கள் லேனில் முன்பள்ளி நடத்திக்கொண்டிருந்த பிள்ளை கலியாணம் கட்டி பதுளைக்குப் போய்விட்டாள். ஆக, பகல் முழுக்க வீட்டில் இருந்தது இரண்டே பேர்: வேலை இல்லாத நான், முன்பள்ளி இல்லாத நிதுஷா.

"டவுன்ல வேற முன்பள்ளி இருக்கான்னு பாப்போமா?" என்றாள் மலர்.

"எதுக்கு? நான் இருக்கேன்ல. நானே சொல்லிக் குடுக்கிறேன்" என்றேன்.

மலர் என்னை ஒரு தடவை பார்த்தாள். ஊசி போடுவதற்கு முன்னால் நரம்பு எங்கே என்று தேடுகிற பார்வை அது. ஆனால் டவுன் முன்பள்ளிப் பேச்சை விட்டுவிட்டாள். வேலை போன மனிதனுக்கு ஏதாவது ஒரு பதவி தேவைப்படுகிறது என்பது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் முகம் வழித்து, சட்டை மாட்டி, பேனாவைப் பையில் குத்திக்கொண்டு, முன்னறையிலிருந்து குசினிக்கு வேலைக்குப் போனேன்.

கைபேசியில் சில வீடியோக்கள் பார்த்து வைத்திருந்தேன். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பளபளவென்று இழைத்த மர எழுத்துகளை வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், பிள்ளைகளை விளையாட விட்டே வாசிக்க வைத்தாள். எங்கள் வீட்டில் மரத்தால் ஆனவை கட்டிலும் அலுமாரியும்தான். அதனால் பிஸ்கட் பெட்டிகளை வெட்டி எழுத்து அட்டை செய்தேன். சோடாப் போத்தல் மூடிகளில் ஒவ்வொரு எழுத்தாக எழுதி, வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டு, கரண்டியால் மீன் பிடிக்கச் சொன்னேன். நிது ‘ங’வைப் பிடித்துவிட்டு, "இதைச் சமைக்க முடியாதுப்பா, விட்ருவோம்" என்று திரும்ப வாளியில் போட்டாள். (யோசித்துப் பார்த்தால், தமிழில் அந்த எழுத்தை எல்லாரும் அப்படித்தான் நடத்துகிறோம்.)

அவளுக்கு மிகப் பிடித்தது பஸ் விளையாட்டு. நான்கு கதிரைகளை வரிசையாகப் போடுவோம். முன்னால் நான் ஓட்டுவேன். அவள் கண்டக்டர். அட்டையில் எழுதிய ஊர்ப் பெயரை வாசித்துச் சொன்னால்தான் பஸ் அந்த இடத்தில் நிற்கும். கண்டி, பேராதனை, வத்தேகம எல்லாவற்றையும் மூன்று வாரத்தில் வாசிக்கத் தொடங்கிவிட்டாள். ஒருநாள், "பல்லேகல! பல்லேகல இறங்குறவங்க இறங்குங்க!" என்று கத்தினாள். நான் ஸ்டியரிங்காகப் பிடித்திருந்த சாப்பாட்டுத் தட்டத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா, நிப்பாட்டுங்க. உங்க ஒபீஸ் வந்துருச்சு."

"அங்க இறங்க இப்ப ஆள் இல்லம்மா."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நேரா கடற்கரைக்கே போவோம்" என்று மணி அடித்தாள். போனோம். அன்று முழுக்கத் திரும்பி வரவில்லை.

வகுப்பில் இன்னொரு மாணவனும் இருந்தான். ஒற்றைக் காதுக் கரடி. வத்தேகமச் சந்தையில் மலர் வாங்கி வந்த துணிக் கரடி அது. மற்றக் காது எப்படிப் போனது என்று வீட்டில் இரண்டு கருத்து உண்டு. அந்தக் கரடியை நான் மக்கு மாணவனாக வைத்திருந்தேன். ‘க’வைக் காட்டி, "ச" என்று கரடிக் குரலில் சொல்வேன். நிதுவுக்கு ஆத்திரம் வந்து சரியாகச் சொல்லிக் கொடுப்பாள். இரண்டு மாதத்தில் கரடியும் நன்றாக வாசிக்கத் தொடங்கிவிட்டது என்று ஒரு சிறு விழா வைத்து அறிவித்தேன். கரடிக்கு வாசிக்கத் தெரியும் என்பதை நிது மனதில் எழுதி வைத்துக்கொண்டாள். அது என் முதல் பிழை.

இரண்டாவது பிழை, நான் போட்ட சட்டம். எழுத்துக்கு ஒரு பலன் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதனால், "நீ எழுதினா அது நடக்கும்" என்று அறிவித்தேன். ‘டொபி’ என்று எழுதினாள், டொபி வந்தது. ‘மழை’ என்று எழுதினாள், குளியலறைக் குவளையோடு முற்றத்தில் நின்றேன். ஒருநாள் காலையில் ‘அப்பா யானை’ என்று எழுதி என் முதுகில் ஒட்டிவிட்டாள். அன்று பாண் வாங்க கேட்டடிக்குப் போனது யானைதான். பேக்கரியிலிருந்து முச்சக்கர வண்டியில் பாண் கொண்டு வருகிற மனிதர் எதுவும் கேட்கவில்லை. ஒரு றாத்தல் பாணைத் தும்பிக்கையில் மாட்டிவிட்டுப் போனார். வேலை போனவர்களுக்கு அப்படி ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

ஒரே ஒரு குறை. நிது புள்ளி வைக்க மாட்டாள். ‘அப்பா’ என்று நான் மேலே எழுதியிருக்கிறேனே, அவள் எழுதியது ‘அபபா’. அம்மா ‘அமமா’. ஏன் என்று கேட்டதற்கு, "என் பேர்ல புள்ளி இல்லல்ல?" என்றாள். நிதுஷா. உண்மைதான், இல்லை. வீடியோப் பெண்ணும் பிள்ளைகளைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். விட்டுவிட்டேன்.

முதலாம் தரத்துக்கு விண்ணப்பம் போடும் காலம் வந்தது. டவுனில் நல்ல பெயர் எடுத்த ஒரு தமிழ்ப் பாடசாலைக்குப் போட்டோம். அங்கே இடம் வேண்டும் என்பதற்காகத் தூரத்தில் இருப்பவர்களும் பக்கத்தில் இருப்பதாக விலாசம் கொடுப்பது வழக்கம். அதனால் பாடசாலையிலிருந்து ஒரு குழு, முன்கூட்டிச் சொல்லாமல், வீடு வீடாக வந்து பார்க்கும். அந்த விலாசத்தில் உண்மையில் ஆள் குடியிருக்கிறதா என்பதுதான் அவர்கள் பார்ப்பது. ஆள் இல்லாவிட்டால் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள்.

மலர் என்னைக் கதிரையில் உட்கார வைத்துச் சொன்னாள். "என்னங்க, ஒண்ணே ஒண்ணுதான். வீட்ல இருங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா இருந்தா போதும்."

அந்த நேரத்தில் உலகத்தில் என்னைவிட அந்த வேலைக்குப் பொருத்தமானவன் கிடையாது. பதினாறு நாள் வீட்டை விட்டு அசையவில்லை. தலைமயிர் வெட்டக்கூடப் போகவில்லை. 

பதினேழாவது நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. சோறும் பருப்பும் மாசிச் சம்பலும் சாப்பிட்டு முடித்திருந்தோம். நிது அவசரமாக வந்தாள்.

"அப்பா, கரடி இன்னைக்குக் கோவமா இருக்கு. நம்மளத் தேடி வரப் போகுது. ஒளிஞ்சுக்குவோம்."

"எங்க?"

"கட்டிலுக்குக் கீழ. நீங்க முதல்ல போங்க. நான் கரடிக்கு ஒண்ணு எழுதி வச்சிட்டு வாறேன்."

என்ன எழுதப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் முன்னறைதான் படுக்கையறையும். கட்டிலுக்குக் கீழே ஊர்ந்து போனேன். சீமெந்துத் தரை ஜில்லென்று இருந்தது. வெளியே நிது சோற்றுப் பருக்கையால் எதையோ கேட்டில் ஒட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு வந்து என் பக்கத்தில் படுத்தாள். ஒளிந்து விளையாடும்போது பெரியவர்களுக்கு வரும் ஆபத்து ஒன்று உண்டு. பருப்புச் சோறு சாப்பிட்டிருந்தால் அது சீக்கிரம் வரும். தூங்கிவிட்டேன்.

ஒரு சின்னக் கை என் வாயைப் பொத்தியதும் விழித்தேன்.

"அப்பா... கரடி வந்துருச்சு" என்று காதுக்குள் சொன்னாள் நிது.

வெளியே ஒரு பெண் குரல் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தது. "இங்க... யாரும்... இல்ல."

பக்கத்து வீட்டுப் பரீதா தாத்தா என்று நினைத்தேன். (தாத்தா என்றதும் தாடியோடு ஒருவரை நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம்.) நிதுவின் விளையாட்டுகளில் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கரடிக்குக் குரல் கொடுப்பது அவர் வழக்கம்.

"வீட்டில ஆராவது இருக்கிறீங்களோ?" என்றது குரல்.

பரீதா தாத்தா வாழ்நாளில் அப்படிப் பேசியவர் அல்ல. அது அச்சு அசல் யாழ்ப்பாணத் தமிழ். ஆனால் பாதித் தூக்கத்தில் இருக்கிற மனிதன் அதையெல்லாம் கவனிப்பானா? தொண்டையைச் செருமி, வீடே அதிரும்படி பதில் சொன்னேன்.

"இங்க யாரும் இல்ல!"

பிறகு கனமான ஒரு ஆண் குரல். "யாரும் இல்லாட்டி பேசுறது யாரு?"

பரீதா தாத்தாவின் கணவர் நாசர் நானாவும் விளையாட்டில் சேர்ந்துவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எப்போதும் கடையே கதி என்று கிடக்கிற மனிதர்.

"அட, கரடியா? போ, போ! காட்டுக்குப் போ! இங்க உனக்குத் தின்ன ஒண்ணும் இல்ல!"

நிது இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உருண்டு உருண்டு சிரித்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கும் உற்சாகம் கூடியது. "வயிறப் பாரு! பெரிய வயித்துக் கரடி!" என்று சேர்த்துக்கொண்டேன்.

வெளியே அந்தப் பெண் குரல் மெதுவாகச் சொன்னது. "நேரம் போகுது. வாங்கோ சேர், போவம்."

சேர். நாசர் நானாவை யாரும் சேர் என்று கூப்பிட்டதில்லை. கட்டிலுக்குக் கீழே இருந்து பார்த்தால் திறந்த வாசல் வழியாகக் கேட்டின் அடிப்பகுதி தெரியும். அங்கே பொலிஷ் போட்ட சப்பாத்து இரண்டு சோடி, ஒரு சேலைக் கரை. நாசர் நானாவிடம் சப்பாத்தே கிடையாது.

எழுந்தேன். கட்டிலுக்குக் கீழே இருக்கிறோம் என்பதைக் கட்டில்தான் எனக்கு ஞாபகப்படுத்தியது. நெற்றியைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஊர்ந்தால் இடுப்பில் கட்டியிருந்த சாரம் ஒரு ஆணியில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. சாரத்தை விட்டுவிட்டு நான் மட்டும் வெளியே போகலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். (அப்படிப் போயிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு இடத்திலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன்.) கடைசியில் சர்ரென்று கிழிந்து விடுதலை கிடைத்தது.

கேட்டுக்கு ஓடினேன். யாரும் இல்லை. தூண்மேல் கரடி உட்கார்ந்திருந்தது. கேட்டில் பிஸ்கட் பெட்டி அட்டை ஒன்று. அதில் நிது எழுதியிருந்தது: ‘இஙக யாரும இலல’. அவள் வைக்க மறுத்த மூன்று புள்ளிகளும் மூன்று எழுத்துகளின் தலையிலும் அழகாக, வட்டமாக, சிவப்பு மையில் இட்டிருந்தன. ஓரத்தில் ஒரு சின்னச் சரி அடையாளம்.

யார் வந்தார்கள் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. அந்நியர் வீட்டுக் கேட்டில் கிடக்கும் எழுத்தைக்கூடத் திருத்தாமல் போக முடியாதவர்கள் உலகத்தில் ஒரே ஒரு சாதி, அது வாத்தியார் சாதி.

பரீதா தாத்தா மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். "தம்பி, ஸ்கூலால மூணு பேர் வந்தாங்க. நீங்க உள்ளுக்குத்தான் ஈக்கிறீங்க எண்டு நான் செல்லினேன். அந்தப் பெரிய சேர், ‘அவரே இல்லன்னு சொல்றாரே’ எண்டு செல்லிட்டுப் போறார்."

நிது என் காலடியில் வந்து நின்றாள். இன்னும் சிரிப்பு அடங்கவில்லை அவளுக்கு. "கரடி போயிருச்சாப்பா?"

நான் கத்தினேன். "என்ன எழுதி வச்சிருக்க? யாரு உன்னைய எழுதச் சொன்னது?"

அவள் அட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். விரலால் அந்தச் சிவப்பு அடையாளத்தைத் தொட்டு, "சரின்னுதானப்பா போட்டிருக்காங்க?" என்றாள். அதற்குப் பிறகு அவள் உதடு கோணத் தொடங்கியது. சத்தமே இல்லாமல் அழுதாள். அவளை எழுதச் சொன்னது யார் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஐந்து மாதமாக அதை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

யோசிக்க நேரமில்லை. அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டேன். அவள் கரடியைத் தூக்கிக்கொண்டாள். லேன் படிகளில் ஓடினேன். "சந்தி மருந்துக் கடை மாடியில போய்ப் பாருங்க!" என்று பின்னாலிருந்து பரீதா தாத்தா கத்தினார். மருந்துக் கடைக்காரரும் தன் மகளுக்கு அதே பாடசாலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார்.

மாடிக்கு மூச்சிரைக்க ஏறினேன். ஒரு வீட்டை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதற்கு அந்த வீடு உதாரணம். மேசையில் கேக், வாழைப்பழம், தேத்தண்ணி. வெள்ளைக் கவுன் போட்ட அவர்கள் மகள் கைகட்டி ஒரு பாட்டை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். கதிரைகளில் பாடசாலை அதிபர், கோப்பு வைத்திருந்த ஒரு இளம் மாஸ்டர், சட்டென்று பார்த்தாலே கண்டிப்பு தெரிகிற ஒரு டீச்சர். அவர் கையில் சிவப்புப் பேனா. அதிபருக்கு உண்மையிலேயே பெரிய வயிறு. நான் வாசலில் நின்றேன். தலையெல்லாம் ஒட்டடை. நெற்றியில் வீக்கம். சாரம் கிழிசல். இடுப்பில் அழுத பிள்ளை, அதன் இடுப்பில் ஒற்றைக் காதுக் கரடி.

"யாரு நீங்க?" என்றார் அதிபர்.

"நான்தான் சேர்... அந்த யாரும் இல்லாத வீட்டுக்காரன்."

அவர் குரலை அடையாளம் கண்டுகொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. "அப்ப என்னைய வயித்துக் கரடின்னு சொன்னது?"

"அதுவும் நான்தான் சேர். வேற ஒருத்தர்னு நினைச்சுச் சொல்லிட்டேன்."

"வேற யாரையும் அப்பிடிச் சொல்லலாமா?" என்று கேட்டார். பிறகு மாஸ்டரின் கோப்பைக் காட்டினார். "பாருங்க, நாங்க ஒரு வீட்டுக்கு ஒரு தரம்தான் போறது. கூப்பிட்டோம். ஆள் இல்லைன்னு சொன்னாங்க. எழுதியாச்சு."

அந்த டீச்சர் இடையில் பேசினார். "ஆள் இருந்ததுதானே சேர். ஆரெண்டுதான் தெரியேல்லை." பிறகு நிதுவைப் பார்த்தார். "பிள்ளை, கேட்டில எழுதியிருந்தது நீங்களோ?"

நிது கரடியின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "நான் இல்ல. எனக்கு எழுதத் தெரியாது."

தொழிற்சாலை வாசலில் மூடிவிட்டோம் என்று நோட்டீஸ் ஒட்டிய அன்றுகூட எனக்கு அப்படி இருக்கவில்லை. போத்தல் மூடி, பஸ், யானை என்று ஐந்து மாதமாகக் கட்டியெழுப்பியதை ஒரே கத்தலில் இடித்துவிட்டேன். பாடசாலை கிடக்கட்டும் என்று தோன்றியது.

"அவதான் டீச்சர் எழுதினா," என்றேன். "தனியா எழுதினா. நான்தான் அவகிட்ட கத்திட்டேன். அதான் பயந்து சொல்றா. நீங்க இடம் குடுக்காட்டியும் பரவாயில்ல. அவ எழுதினது நல்லா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

டீச்சர் எழுந்து வந்தார். நிதுவிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராகக் கரடியிடம் கேட்டார். "கரடியார், உங்களுக்கு வாசிக்கத் தெரியுமோ?"

கரடியின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு தடித்த குரல் வந்தது. "தெரியும்."

"கேட்டில எழுதியிருந்தது எப்பிடி?"

"நல்லா இருந்துச்சு. புள்ளிதான் இல்ல."

"அந்த வீட்டில ஆரார் இருக்கினம்?"

"நிது, அம்மா, அப்பா. நானும்."

அதிபருக்கும் ஆர்வம் வந்துவிட்டது போலிருந்தது. வாடகைக்கு எடுத்த விலாசம் என்றால் சின்னப் பிள்ளைகள்தான் காட்டிக் கொடுப்பார்கள் என்பது அவர் அனுபவம். குனிந்து கேட்டார். "அப்பிடியா? அந்த வீட்ல யார் யார் எங்க எங்க படுப்பாங்க?"

"நிதுவும் அம்மாவும் கட்டில் மேல."

"அப்பா?"

"அப்பா கட்டிலுக்குக் கீழ."

மருந்துக் கடைக்காரரின் மனைவி தேத்தண்ணித் தட்டத்தோடு அப்படியே நின்றுவிட்டார். இளம் மாஸ்டர் எழுதுவதை நிறுத்தினார். வெள்ளைக் கவுன் பிள்ளைகூடப் பாட்டை மறந்து என்னைப் பார்த்தாள்.

"எந்த நாளுமோ?" என்று மெல்லிய குரலில் கேட்டார் டீச்சர்.

கரடி யோசித்தது. "இல்ல. கோவம் வந்தா மட்டும்."

கரடிக்குக் கோபம் வந்தால் என்பதுதான் அதன் அர்த்தம். அது எனக்குத் தெரியும், நிதுவுக்குத் தெரியும். அந்த அறையில் இருந்த மற்ற யாருக்கும் தெரியாது. எல்லாரும் என் நெற்றி வீக்கத்தைப் பார்த்தார்கள். பிறகு கிழிந்த சாரத்தைப் பார்த்தார்கள். அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் குரல் ரொம்பவும் தணிந்திருந்தது.

"மாஸ்டர், குடியிருப்பு சரின்னு எழுதுங்க. இப்பிடியொரு பதிலை யாரும் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வர மாட்டாங்க." என்னிடம் திரும்பி, "நீங்க ஒரு துண்டு கேக் சாப்பிடுங்க தம்பி" என்றார்.

விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம், காரியம் முடிந்தது, வாயை மூடிக்கொண்டு இரு என்பது. மூடிக்கொண்டேன். மலரின் நல்ல பெயரை ஒரு துண்டு கேக்கோடு சேர்த்து விழுங்கினேன். கேக் நன்றாகத்தான் இருந்தது.

அன்று பின்னேரம் மலர் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு முன்னாலேயே கதை இறங்கிவிட்டது. மருந்துக் கடையில் சொல்லிச் சந்தி முழுக்கப் பரவி, சந்தியிலிருந்து பஸ் ஏறிப் பேராதனை வரைக்கும் போய்விட்டது. கண்டக்டர் அவளுக்கு மிச்சக் காசைக் கொடுக்கும்போது, "மிஸ், பாவம் அந்த மனுஷன், வேலையும் இல்லாம இருக்காரு" என்றாராம். வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நான் உங்கள எப்பங்க கட்டிலுக்குக் கீழ படுக்க வச்சேன்?"

முழுவதையும் சொன்னேன். அறிவித்தலைக் காட்டினேன். பெரிய வயிற்றுக் கரடி வந்த இடத்தில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நான் நினைத்தேன். கேக் சாப்பிடச் சொன்ன இடத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்தது.

நிது மட்டும் சிரிக்கவில்லை. மூன்று நாள் அட்டையைத் தொடவில்லை. மூடிகளை வாளியில் போட்டு முன்னால் வைத்தேன். எழுந்து போய்விட்டாள். நான்காவது நாள் ஒரு அட்டையில் ‘அப்பா இனிக் கத்த மாட்டேன’ என்று எழுதி என் நெஞ்சில் குத்திக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். காலை முழுக்க யாரும் கண்டுகொள்ளவில்லை. பதினொரு மணிக்கு ஒரு சிவப்புப் பென்சிலோடு வந்து என் முன்னால் நின்றாள்.

"குனிங்க."

குனிந்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, ‘மாட்டேன்’ என்பதில் கடைசி எழுத்துக்கு மேல் ஒரு புள்ளி வைத்தாள். "உங்களுக்குப் புள்ளி வைக்கத் தெரியாதாப்பா?" என்றாள். (வேண்டுமென்றே விட்டேன் என்று மலரிடம் சொன்னேன். அவசரத்தில் மறந்துபோனேன் என்பதுதான் உண்மை.) பிறகு அட்டையின் ஓரத்தில் ஒரு சரி போட்டாள். அன்று மத்தியானம் பஸ் திரும்பவும் ஓடியது.

இடம் கிடைத்தது. இப்போது நிது மூன்றாம் தரம். அந்தச் சிவப்புப் பேனா டீச்சர்தான் அவளுக்குத் தமிழ். எனக்கும் குண்டசாலைப் பக்கம் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை கிடைத்துவிட்டது. அதிபர் என்னைக் கூட்டங்களில் கண்டால் தோளில் தட்டி, "வீட்ல எல்லாம் சமாதானமா?" என்று கேட்கிறார். ஆம் என்கிறேன். மலர் பக்கத்தில் நின்றால் அவர் குரலைத் தணித்துக்கொள்கிறார். ஆஸ்பத்திரியில் மூன்று பேர் தங்கள் கணவன்மாரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று மலரிடம் ஆலோசனை கேட்டிருக்கிறார்களாம்.

போன வருடம் மாத்தளையில் மலரின் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். பத்துப் பதினைந்து பேர். மத்தியானச் சாப்பாடு கனம். ஆளாளுக்குச் சாய்ந்துகொள்ள இடம் தேடினார்கள். மைத்துனர் என்னைக் கையைப் பிடித்து அறைக்கு அழைத்துக்கொண்டு போனார். கட்டில்மேல் மலருக்கு வெள்ளை விரிப்பு. கட்டிலுக்குக் கீழே புதுப் பாய், உறை போட்ட தலையணை, மடித்த துவாய், ஒரு செம்புத் தண்ணீர்.

"மச்சானுக்கு வழக்கமான இடம்" என்றார். வாசலில் நின்ற கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

நான் குனிந்து, உள்ளே போய், பாயில் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து மலரின் தலை தலைகீழாக எட்டிப் பார்த்தது.

"என்னங்க, இன்னைக்கு எனக்குக் கோவம் இல்ல. மேல வாங்க."

"இருக்கட்டும் மலர்" என்றேன். வெளியே மாத்தளை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கீழே தரை குளிர்ச்சியாக இருந்தது.